‘நான் பேசறது கேக்குதா?’: ஆன்லைன் படிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரவு எட்டரை மணி. கூகுள் மீட்டில் 31 வட்டங்கள், ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் ஓர் எழுத்து. “நான் பேசறது கேக்குதா?” என்கிறார் ஆசிரியர். “கேக்குது சார்” என்று நாலு பேர் சாட்டில் போடுகிறார்கள். முக்கால் மணி நேரம் பாடம் ஓடுகிறது. கடைசியில், “ஏதாவது டவுட் இருக்கா?” ஒரு நொடி, இரண்டு நொடி. “சரி, டவுட் இல்லைன்னா அடுத்த வாரம் பார்க்கலாம்.” உடனே மளமளவென்று இருபது “தேங்க்யூ சார்”. வட்டங்கள் ஒவ்வொன்றாக மறைகின்றன.

அந்த ஆசிரியர் நான்தான். பகலில் கடலூரில் கல்லூரி மாணவர்களுக்கும், இரவில் வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களுக்கும் கணக்குப் பதிவியல் எடுக்கிறேன். இரவு வகுப்பில் நெய்வேலியில் ஷிப்ட் பார்ப்பவர் உண்டு, சிப்காட்டில் ஸ்டோர்ஸ் பார்ப்பவர் உண்டு, பாகூர் பக்கத்து அங்கன்வாடிப் பணியாளர், பண்ருட்டியில் மளிகைக்கடை வைத்திருப்பவர் என்று எல்லாரும் உண்டு. போதாக்குறைக்கு நானே மத்திய அரசின் ஸ்வயம் என்ற இலவச ஆன்லைன் பாடத் தளத்தில் இரண்டு பாடங்களில் சேர்ந்து பாதியில் விட்டு, மூன்றாவதைத்தான் முடித்தேன். ஆகவே கீழே வரும் தவறுகளில் பாதி நான் ஆசிரியராகச் செய்தவை, மீதி மாணவனாகச் செய்தவை.

கேள்வி கேட்டதாக நினைத்துக்கொள்வது

தொலைநிலைக் கல்வி பற்றி எழுதிய மைக்கேல் மூர் 1989-இல் மூன்று வகைப் பரிமாற்றங்களைப் பிரித்துச் சொன்னார்: படிப்பவருக்கும் பாடத்துக்கும் இடையே, படிப்பவருக்கும் ஆசிரியருக்கும் இடையே, படிப்பவர்கள் தங்களுக்குள்ளே. இந்த மூன்றில் ஒன்றாவது நன்றாக நடந்தால் படிப்பு தேறிவிடும் என்று 2003-இல் கனடாவின் டெரி ஆண்டர்சன் வாதிட்டார். என் எட்டரை மணி வகுப்பில் மூன்றில் ஒன்றுகூட நடக்கவில்லை. ஒலி மட்டும் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் போனது.

“டவுட் இருக்கா?” என்பது கேள்வி மாதிரி இருக்கும், ஆனால் அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் ‘எனக்குப் புரியவில்லை’ என்று முப்பது பேர் முன்னால் ஒப்புக்கொள்ள வேண்டும். நாற்பத்தைந்து வயதுக்காரர், கூடப் படிக்கும் இருபத்திரண்டு வயதுப் பையன் ‘அண்ணா’ என்று கூப்பிடும் இடத்தில், அதைச் செய்ய மாட்டார். மாணவர்கள் சோம்பேறிகள் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். கூச்சம் என்று புரிய ஒரு வருஷம் ஆனது.

இன்னொன்று, நேரம். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் வகுப்பறைகளில் ஒலிப்பதிவு செய்து பார்த்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடியாக்கினாலே பதில்கள் நீளமாயின, பேசாதவர்களும் பேசினார்கள். அது நேரில் நடந்த வகுப்பு. ஆன்லைனில் மியூட்டை எடுக்க வேண்டும், டி.வி. சத்தத்திலிருந்து நகர வேண்டும், சிக்னல் போய்ச் சேர வேண்டும். நான் இப்போது மனசுக்குள் பதினைந்து வரை எண்ணுகிறேன். முதல் நாள் அது ஒரு யுகம் மாதிரி இருந்தது.

கேள்வியையும் மாற்றினேன். ஒரு நாள் இப்படிக் கேட்டேன்: “உங்க கடைப் பணத்துல அஞ்சாயிரம் ரூபாயை பேங்க்ல கட்டிட்டீங்க. உங்க கணக்குப் புத்தகத்துல பேங்க் பேர்ல பற்றா (டெபிட்), வரவா (கிரெடிட்)? எல்லாரும் டைப் பண்ணி வெச்சுக்குங்க. நான் ‘அனுப்பு’ன்னு சொன்னப்புறம்தான் அனுப்பணும்.” எல்லாரும் ஒரே நேரத்தில் அனுப்பினால் யாரும் தனியாக மாட்டிக்கொள்வதில்லை, முதல் பதிலைப் பார்த்துக் காப்பியடிக்கவும் முடியாது.

‘அனுப்பு’ என்றேன். திரை முழுக்க ‘வரவு’, ‘வரவு’, ‘வரவு’. ‘பற்று’ என்று போட்டவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். விடை பற்று. இதை மூன்று வாரமாக நான் நடத்திக்கொண்டிருந்தேன், ‘டவுட் இல்லை’ என்று மூன்று வாரமாக நம்பிக்கொண்டும் இருந்தேன்.

ஏன் வரவு என்று கேட்டேன். பாகூர் அம்மா மியூட்டை எடுத்து, “பாஸ்புக்ல வரவுன்னுதானே சார் போட்டிருக்கு” என்றார். நியாயம்தான். பாஸ்புக் வங்கியின் புத்தகம், அவர்கள் பக்கத்திலிருந்து எழுதியது என்று நான் விளக்க ஆரம்பித்து, சிக்கி, சுற்றிவளைத்துக்கொண்டிருந்தபோது பண்ருட்டி மளிகைக்கடைக்காரர் குறுக்கே வந்தார். “சார், கடையில நாம யார் பேர்ல பற்று எழுதுவோம்? நமக்குப் பணம் தர வேண்டியவர் பேர்லதானே? இப்ப பேங்க் நமக்கு அஞ்சாயிரம் தரணும். அப்ப பேங்க் பேர்ல பற்று. பேங்க்காரன் நோட்டுல நாம கடன் கொடுத்தவங்க, அதனால அவன் நமக்கு வரவு எழுதறான்.” அதற்குப் பிறகு அந்த வகுப்பில் அதை யாரும் தப்பாக எழுதவில்லை. மூர் சொன்ன மூன்றாவது வகையை நான் ஏற்பாடு செய்யவில்லை, அது தானாக நடந்தது. அதற்கு இடம் விடாமல் இத்தனை நாள் நானே பேசிக்கொண்டிருந்ததுதான் என் தவறு.

கேமராவை ஆன் பண்ணச் சொல்வது

முகம் தெரிந்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஒரே அறை உள்ள வீட்டில், பின்னால் கணவர் லுங்கியோடு படுத்திருக்க, குக்கர் விசில் அடிக்க, ஒரு பெண் எப்படிக் கேமராவை ஆன் பண்ணுவார்? “நைட்டியில இருக்கேன் சார்” என்று ஒருவர் தனியாக மெசேஜ் அனுப்பிய பிறகு நான் அதைக் கேட்பதில்லை. டேட்டாவும் ஒரு காரணம். தினம் ஒன்றரை ஜி.பி. பிளானில் ஒரு மணி நேர வீடியோ காலுக்கே அரை ஜி.பி.க்கு மேல் போய்விடும், அதே போனில் பிள்ளையும் படிக்க வேண்டும். முகத்துக்குப் பதில் கைவேலையைக் கேளுங்கள். நோட்டில் போட்ட கணக்கைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னால், யார் எங்கே தடுக்கினார்கள் என்பது முகத்தைவிடத் தெளிவாகத் தெரியும்.

வீடியோ பார்த்தால் படித்த மாதிரி என்று நம்புவது

இது மாணவனாக நான் செய்த தவறு. வடலூரிலிருந்து கடலூர் வரும் பஸ்ஸில் காதில் ஹெட்போன், வேகம் ஒன்றரை மடங்கு. ஒரு வாரத்துப் பாடம் இரண்டு பயணங்களில் முடிந்துவிடும். பச்சை டிக் விழும்போது வரும் திருப்தி இருக்கிறதே! அசைன்மென்டைத் திறந்தால் முதல் கேள்வியிலேயே தலை சுற்றும். உடனே வீடியோவை மறுபடியும் பார்ப்பேன். இரண்டாம் முறை எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும். தெரிந்த முகத்தைப் பார்த்துவிட்டுப் பேர் ஞாபகம் வராமல் முழிப்பது போலத்தான் இதுவும்.

2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் இதைச் சோதித்தார்கள். மாணவர்கள் இரண்டு பத்திகளைப் படித்தார்கள். ஒன்றை மறுபடி படித்தார்கள். மற்றதை மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் மறுபடி படித்த பத்திதான் முன்னால். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் கதை தலைகீழ்: எழுதிப் பார்த்த பத்தியில் 56 சதவீதம் ஞாபகம் இருந்தது, மறுபடி படித்ததில் 42 சதவீதம்தான்.

பஸ்ஸில் பார்க்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன். நம்மில் பலருக்குக் கிடைப்பது அந்த நேரம்தான். பார்த்து முடித்ததும் போனைப் பைக்குள் போட்டுவிட்டு, இப்போது என்ன சொன்னார்கள் என்று மூன்று வரி மனசுக்குள் சொல்லிப் பாருங்கள். வரவில்லையென்றால் அந்த இடத்தை மட்டும் திரும்பப் பாருங்கள். நெய்வேலிக்காரர் இன்னும் கெட்டிக்காரர். ஷிப்ட் முடிந்து வரும்போது, அன்றைய பாடத்தை ஒரு நிமிட வாய்ஸ் மெசேஜாகப் பேசி எனக்கு அனுப்புவார். பாதி நாள் அதில் தப்பு இருக்கும். அந்தத் தப்புதான் எனக்கு அடுத்த வகுப்புக்கான பாடம்.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. எட்எக்ஸ் என்ற ஆன்லைன் பாடத் தளத்தில் சுமார் 69 லட்சம் வீடியோ அமர்வுகளை ஆராய்ந்து 2014-இல் வந்த ஆய்வில், வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் ஆட்கள் பார்ப்பது பொதுவாக ஆறு நிமிடத்துக்கு மேல் போகவில்லை. வகுப்பறை ஐம்பது நிமிடத்தை அப்படியே ரெக்கார்ட் பண்ணி ஏற்றுவது நம் மன நிம்மதிக்குத்தான் உதவும்.

ஐந்து இடத்தில் வகுப்பு நடத்துவது

லிங்க் வாட்ஸ்அப்பில், நோட்ஸ் டெலிகிராமில், அசைன்மென்ட் கூகுள் கிளாஸ்ரூமில், வீடியோ யூடியூபில், மார்க் ஈமெயிலில். போன் பழக்கம் குறைவான பெரியவர்கள் முதல் வாரத்திலேயே கழன்றுகொள்வது இதனால்தான். இரண்டு இடம் போதும். ஒன்றில் பாடம், இன்னொன்றில் பேச்சு. பேச்சு குரூப்பில் குட் மார்னிங் படம் போடக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். ரோஜாப்பூக்களுக்கு நடுவில் ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்ட கேள்வி மேலே போய் மறைந்துவிட்டால், அவர் மறுபடி கேட்க மாட்டார்.

ஆசைக்கு ஆறு பாடத்தில் சேர்வது

அமெரிக்காவின் எம்ஐடி, ஹார்வர்டு பல்கலைக்கழகங்களின் இலவச ஆன்லைன் பாடங்களில் 2017-18-இல் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் ஏறத்தாழ 3 சதவீதம்தான். சும்மா எட்டிப் பார்க்க வந்தவர்களும் அந்தக் கணக்கில் உண்டு, அதனால் பயப்பட வேண்டாம். ஒரு பாடம், கூட ஒரு ஆள். திருப்பாதிரிப்புலியூரில் பக்கத்துத் தெரு நண்பர் என்னோடு சேர்ந்த பாடத்தைத்தான் நான் முடித்தேன்.

விதிகளைக் கடைசியில் படிப்பது

ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் (ஐஐஎஸ்சி) சேர்ந்து நடத்தி, ஸ்வயம் தளத்தில் வரும் என்பிடெல் பாடங்களில் சேர்வது இலவசம். சர்டிபிகேட் வேண்டுமானால் பணம் கட்டித் தனியாகப் பதிந்து, தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். பெரும்பாலான பாடங்களில் அசைன்மென்டுக்கு 25, தேர்வுக்கு 75. அசைன்மென்டில் 10, தேர்வில் 30 தனித்தனியாக எடுத்தாக வேண்டும். தேர்வில் 70 வாங்கினாலும் அசைன்மென்டில் 8 என்றால் சர்டிபிகேட் கிடையாது. 12 வாரப் பாடத்தில் சிறந்த 8 அசைன்மென்டுகளின் சராசரியை எடுத்துக்கொள்வார்கள், ஆகவே காய்ச்சலில் ஒன்றிரண்டு போனால் குடி முழுகிவிடாது.

கல்லூரி மாணவர்கள் செய்யும் தவறு வேறு. பாடத்தை முடித்து சர்டிபிகேட்டோடு வந்து, “இதுக்கு கிரெடிட் உண்டா சார்?” என்பார்கள், அதாவது இது டிகிரிக் கணக்கில் சேருமா என்று. ஒரு பருவத்தின் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியாக எடுக்க யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2021 விதி இடம் தருகிறது. ஆனால் எந்தப் பாடம் என்பதைக் கல்லூரி முன்கூட்டியே ஒத்துக்கொண்டிருக்க வேண்டும். சேரும் முன்னால் துறைத் தலைவரைப் பாருங்கள்.

அப்புறம் நம் ஊருக்கே உரிய இனிஷியல் பிரச்சினை. படிவத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் இருக்கும். சிலர் அப்பா பேரைப் போடுவார்கள், சிலர் ஓர் எழுத்து, சிலர் ஊர்ப் பேர். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் ஒரு மாதிரி, ஆதாரில் வேறு மாதிரி. தேர்வுப் பதிவில் நீங்கள் கொடுக்கும் பெயர்தான் சர்டிபிகேட்டில் வரும். வேலைக்கு எந்தச் சான்றிதழைக் காட்டப் போகிறீர்களோ அதில் இருப்பதுபோலவே எழுதுங்கள்.

முழுப் பட்டப் படிப்பென்றால், அந்த நிறுவனத்துக்கு, அந்தப் பாடத்துக்கு, அந்தக் கல்வியாண்டுக்கு அனுமதி உண்டா என்று யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவுத் தளத்தில் பார்த்துவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும். நர்சிங், பிசியோதெரபி, சட்டப் பட்டங்களை ஆன்லைனில் தருகிறோம் என்று யாராவது சொன்னால் போனை வைத்துவிடுங்கள். அவற்றை அப்படி நடத்த அனுமதியே இல்லை.

மழையை மறப்பது

ஜூலையில் தொடங்கும் என்பிடெல் பாடங்களுக்குத் தேர்வு அக்டோபர், நவம்பர் வாக்கில் வரும். டெல்லியில் உட்கார்ந்து அட்டவணை போடுபவருக்கு அது வெறும் தேதி. நமக்கு அது வடகிழக்குப் பருவமழை. 2011 டிசம்பர் கடைசியில் வந்த தானே புயலுக்குப் பிறகு இங்கே பல ஊர்கள் நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் இருந்தன. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தபோது அங்கே ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அடுத்த சில நாளில் தென்பெண்ணை பெருகிக் கடலூருக்குள் வந்தது.

ஆகவே இரவு 11.59 கெடு என்றால், 11.30-க்கு உட்காராதீர்கள். செப்டம்பர் முடிவதற்குள் மீதி வாரங்களின் வீடியோக்களையும் நோட்ஸையும் போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். தேர்வு மையம் எந்த ஊரில், அதற்கும் உங்கள் வீட்டுக்கும் நடுவில் எந்த ஆறு, எந்தத் தரைப்பாலம் என்பதையும் யோசியுங்கள். நான் பாதியில் விட்ட இரண்டும் ஜூலைப் பாடங்கள், முடித்தது ஜனவரியில் தொடங்கியது. ஏப்ரலில் வெயில் கொளுத்தும், ஆனால் மையத்துக்கு நேரத்தில் பஸ் போய்ச் சேரும்.