ஜெர்மானியத் தொகுதி ஒன்றின் தேர்தல் வரலாற்றைத் தொகுப்பது எப்படி? மெர்க்கெலின் தொகுதியை வைத்து ஒரு செய்முறை

ஜெர்மன் நாடாளுமன்றமான புண்டஸ்டாக்கின் ஏதேனும் ஒரு தொகுதியில் யார், எந்த ஆண்டில், எத்தனை சதவீத வாக்குகளுடன் வென்றார் என்ற அட்டவணையை நீங்களே தயாரிப்பதற்கான வழி இது. 1990 முதல் 2017 வரை, முன்னாள் ஜெர்மன் சான்சலர் (பிரதமருக்கு நிகரான பதவி) அங்கேலா மெர்க்கெல் தொடர்ந்து எட்டு முறை வென்ற பால்டிக் கடலோரத் தொகுதியை எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன்.

1. வாக்குகளைப் பிரியுங்கள்

வாக்காளர் ஒவ்வொருவருக்கும் இரண்டு வாக்குகள் உண்டு. முதல் வாக்கு தொகுதி வேட்பாளருக்கும், இரண்டாம் வாக்கு கட்சியின் மாநிலப் பட்டியலுக்கும் உரியவை. தொகுதியின் வெற்றியாளரை முதல் வாக்கு மட்டுமே தீர்மானிக்கிறது.

2. தொகுதியின் அடையாளத்தைப் பின்தொடருங்கள்

என் நேரத்தில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது இந்தப் படிதான். நீங்களும் இதில் அவசரப்பட வேண்டாம். 1990இல் இத்தொகுதியின் பெயர் ஷ்ட்ரால்சுண்ட் – ரூகென் – கிரிம்மென், எண் 267. அந்த ஆண்டில் இரு ஜெர்மனிகளும் இணைந்தபோது, மேற்கு ஜெர்மனியின் 248 தொகுதிகளுக்குப் பிறகே புதிதாகச் சேர்ந்தவற்றுக்கு எண் கொடுத்ததால் இவ்வளவு பெரிய எண் அமைந்தது. 2002இல் மொத்தத் தொகுதிகள் 328இலிருந்து 299ஆகக் குறைக்கப்பட்டபோது இதன் எண் 15 ஆனது. பெயரும் ஷ்ட்ரால்சுண்ட் – நார்ட்ஃபோர்பொம்மெர்ன் – ரூகென் என்று மாறியது. 2011இல் மாநிலத்தின் மாவட்டங்கள் இணைக்கப்பட்டதைத் தொடர்ந்து, 2013 தேர்தலில் அது ஃபோர்பொம்மெர்ன்-ரூகென் – ஃபோர்பொம்மெர்ன்-கிரைஃப்ஸ்வால்ட் 1 ஆயிற்று. எண் மாறவில்லை என்றாலும் எல்லை மாறிவிட்டது: அதுவரை பக்கத்துத் தொகுதியில் இருந்த கிரைஃப்ஸ்வால்ட் என்னும் பல்கலைக்கழக நகரம் இதற்குள் வந்தது.

மெர்க்கெல் 2009இல் 49.3 சதவீதமும் 2013இல் 56.2 சதவீதமும் பெற்றார். ஏறத்தாழ 7 புள்ளிகள் கூடின என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் இரண்டும் ஒரே நிலப்பரப்பின் முடிவுகள் அல்ல என்பதால் அவ்வாறு எழுதுவது தவறு. கூட்டாட்சித் தேர்தல் அதிகாரி வெளியிடும் முடிவுக் கோப்பில் ‘ஃபோர்பெரியோடே’ (முந்தைய காலம்) என்ற நெடுவரிசை உண்டு. முந்தைய தேர்தலின் வாக்குகளைப் புதிய எல்லைக்கு ஏற்ப மறுகணக்கிட்டு அதில் தந்திருப்பார்கள். ஏற்ற இறக்கத்தைச் சொல்ல அந்த எண்களையும், அந்தந்த ஆண்டின் வெற்றி வீதத்தைச் சொல்ல அந்தந்தத் தேர்தலின் கோப்பையும் பயன்படுத்துங்கள். பெயரையும் எண்ணையும் மட்டும் நம்பித் தொகுத்த அட்டவணையை நான் வரலாறாக ஏற்பதில்லை.

3. கோப்பைத் திறவுங்கள்

எக்செல்லைவிட, இலவச விரிதாள் மென்பொருளான லிப்ரே ஆபிஸ் கால்க்கையே நான் பரிந்துரைப்பேன். கோப்பைத் திறக்கும்போதே நெடுவரிசைகளைப் பிரிக்கும் குறி அரைப்புள்ளிதான் (;) என்று அதில் குறிப்பிட்டுவிடலாம். உம்லாட் எழுத்துகள் (ä, ö, ü) சிதைந்து தெரிந்தால் எழுத்துக் குறியாக்கத்தை மாற்றிப் பாருங்கள். வாக்குகளின் எண்ணிக்கை மட்டும் இருக்கும் கோப்பில் சதவீதத்தை நீங்களே கணக்கிட வேண்டும். அப்போது வகுக்க வேண்டிய எண், செல்லுபடியான முதல் வாக்குகளின் மொத்தமே தவிர, வாக்களித்தோரின் எண்ணிக்கை அன்று.

4. அட்டவணையை நிரப்புங்கள்

மெர்க்கெலின் முதல் வாக்கு வீதங்கள்: 1990இல் 48.5, 1994இல் 48.6, 1998இல் 37.3, 2002இல் 41.6, 2005இல் 41.3, 2009இல் 49.3, 2013இல் 56.2, 2017இல் 44.0. மெர்க்கெலின் கட்சியைச் சேர்ந்த சான்சலர் ஹெல்முட் கோல் ஆட்சியை இழந்த 1998இல் ஏற்பட்ட சரிவைக் கவனியுங்கள். 2021இல் மெர்க்கெல் போட்டியிடவில்லை. சமூக ஜனநாயகக் கட்சியின் அன்னா கசாவ்ட்ஸ்கி வெறும் 24.3 சதவீதத்துடன் வென்றார். வாக்குகள் அந்த அளவுக்குச் சிதறியிருந்தன. ஆகவே வெற்றியாளரோடு நிறுத்தாமல் இரண்டாம் இடத்தையும் பதிவு செய்யுங்கள். 2025இல் தொகுதி தீவிர வலதுசாரிக் கட்சியான ஏஎஃப்டியின் டாரியோ சைஃபெர்ட்டிடம் சென்றது.

பின்சேர்க்கைகள்

24,3 என்பது 243 ஆகிவிடுவதாக வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். ஜெர்மனியில் தசமத்துக்குக் காற்புள்ளியையே இடுவார்கள். இறக்குமதிப் பெட்டியில் மொழியை ஜெர்மன் என்று தேர்ந்தெடுத்தால் சிக்கல் தீரும்.

தொகுதியில் முதலிடம் பெற்றவர் ஏன் உறுப்பினர் பட்டியலில் இல்லை என்று இன்னொருவர் கேட்டார். 2023 சீர்திருத்தத்தின்படி, கட்சியின் இரண்டாம் வாக்குகள் ஈடுகொடுக்கும் அளவுக்கே தொகுதி வெற்றியாளர்களுக்கு இடம் கிடைக்கும். 2025இல் அவ்வாறு 23 பேர் இடம் பெறவில்லை. எனவே 2025 முதல் ‘முதலிடம்’, ‘உறுப்பினர்’ என இரண்டு தனித்தனி நெடுவரிசைகளை வைத்துக்கொள்ளுங்கள்.