யாரையும் வெளியேற்றாத குழு விளையாட்டுகள்: முதன்முறை நடத்துவோருக்கான செய்முறை விளக்கம்

குழந்தைகளுக்குக் குழு விளையாட்டு நடத்த முன்வருபவர்கள் பெரும்பாலும் தோற்றவர் வெளியேறும் ஆட்டங்களையே தேர்ந்தெடுக்கிறார்கள். அத்தகைய ஆட்டத்தில் மெதுவாக ஓடும் குழந்தையும், விதி பிடிபடச் சற்று நேரமாகும் குழந்தையும் முதலிலேயே ஓரமாக உட்கார்ந்துவிட, ஏற்கெனவே வேகமும் கவனமும் உள்ளவர்களே கடைசிவரை ஆடுகிறார்கள். பயிற்சி யாருக்கு மிகவும் தேவையோ அவர்களுக்கே அது மிகக் குறைவாகக் கிடைப்பது எனக்கு ஏற்புடையதன்று. ஆகவே இங்கே விளக்கப்படும் மூன்று ஆட்டங்களிலும் எவரும் வெளியேறுவதில்லை.

முதல் படி: குழுவும் இடமும்

ஐந்து வயதுக்கு மேற்பட்ட எட்டு முதல் பன்னிரண்டு குழந்தைகள் தொடக்கத்திற்குப் போதும். அவர்களுக்கிடையே இரண்டு மூன்று வயதுக்கு மேல் இடைவெளி இல்லாதிருப்பது நல்லது. இன்னும் சிறிய குழந்தைகள் அருகருகே அமர்ந்து தனித்தனியே விளையாடினால் அதைக் குறையாகக் கருத வேண்டாம். அமெரிக்க ஆய்வாளர் மில்ட்ரெட் பார்ட்டன் 1932இல் வெளியிட்ட ஆய்வில், தனித்து விளையாடுதல், பிறரைப் பார்த்துக்கொண்டிருத்தல், அருகருகே விளையாடுதல், கூடி விளையாடுதல் ஆகியவற்றைத் தனித்தனி வகைகளாக விவரித்திருக்கிறார்.

தரையில் கல்லோ ஈரமோ இல்லாதபடி பார்த்துக்கொண்டு, எல்லையைச் சுண்ணக்கட்டியால் வரையுங்கள். எந்த ஆட்டத்தையும் தொடங்குவதற்கு முன், விசில் ஒலித்தவுடன் அப்படியே நிற்கும் பழக்கத்தை இரண்டு மூன்று முறை ஆடிப் பார்க்கச் செய்யுங்கள். இதைத் தவிர்த்துவிட்டால் பிறகு கத்திக்கொண்டே இருக்க நேரிடும்.

இரண்டாம் படி: மாற்றிச் செய்யும் ஆட்டம்

குழந்தைகளை வட்டமாக நிறுத்தி, "தலை" என்றால் தலையையும் "கால்" என்றால் காலையும் தொடச் சொல்லுங்கள். சிறிது நேரம் கழித்து விதியைத் தலைகீழாக்கி, "தலை" என்றால் காலையும் "கால்" என்றால் தலையையும் தொட வேண்டும் என்று அறிவியுங்கள். பார்ப்பதற்கு மிக எளிதாகத் தோன்றும் இந்த ஆட்டத்தில், புதிய விதியை நினைவில் வைத்திருப்பது, தானாக எழும் பழைய அசைவை அடக்குவது, விதி மாறும்போது தானும் மாறுவது என மூன்று வேலைகளைக் குழந்தையின் மூளை ஒரே நேரத்தில் செய்கிறது. வகுப்பில் காத்திருப்பதற்கும், கோபம் வரும்போது கையை ஓங்காமலிருப்பதற்கும் தேவைப்படுவது இதே தன்னடக்கம்தான். தவறிய குழந்தையைச் சுட்டிக்காட்டாமல் அடுத்த சொல்லுக்குச் செல்லுங்கள். அனைவருக்கும் பழகிய பின் தோள், முழங்கால் என்று இன்னொரு இணையைச் சேர்த்து, சொல்லும் பொறுப்பைக் குழந்தைகளிடமே மாற்றி மாற்றிக் கொடுங்கள்.

மூன்றாம் படி: குறையும் வட்டங்கள்

இது நாற்காலி ஆட்டத்தின் மாற்று வடிவம். இங்கே குறைவது இடம் மட்டுமே. இருவர் நிற்கக்கூடிய ஐந்தாறு வட்டங்களையும், நடுவில் ஒரு பெரிய வட்டத்தையும் வரையுங்கள். இசை ஒலிக்கும்போது அனைவரும் சுற்றி நடக்க வேண்டும். இசை நின்றதும் ஒவ்வொருவரின் ஒரு காலாவது ஏதேனும் ஒரு வட்டத்திற்குள் இருக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு சிறிய வட்டத்தை அழித்துக்கொண்டே வந்தால், இறுதியில் முழுக் குழுவும் நடுவிலுள்ள பெரிய வட்டத்தில் இடம் தேட வேண்டியிருக்கும். யார் எங்கே நிற்பது, யார் யாரைப் பிடித்துக்கொள்வது என்ற பேச்சு அப்போதுதான் தொடங்கும். விடையை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். அவர்கள் திணறும் அந்தச் சில நிமிடங்களுக்காகவே இந்த ஆட்டத்தை நடத்துகிறோம். இழுக்கக் கூடாது, தள்ளக் கூடாது, கேட்ட பிறகே பிறரைத் தொட வேண்டும் என்பவற்றை மட்டும் முன்கூட்டியே உறுதியாகச் சொல்லிவிடுங்கள்.

நான்காம் படி: விரிப்பும் பந்தும்

பெரிய படுக்கை விரிப்பின் ஓரங்களை அனைவரும் பிடித்துக்கொண்டு, அதன்மேல் வைத்த மென்மையான பந்து கீழே விழாமல் சுற்றி உருளச் செய்ய வேண்டும். சக்கர நாற்காலியில் இருக்கும் குழந்தையும் இதில் பிறருக்கு இணையாகப் பங்கேற்கலாம்.

சேர மறுக்கும் குழந்தையும் சண்டையும்

ஒரு குழந்தை ஒதுங்கி நின்றால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். பார்த்துக்கொண்டிருப்பதும் பார்ட்டன் குறிப்பிட்ட வகைகளுள் ஒன்றுதான். இசையை நிறுத்தும் பொறுப்பை அக்குழந்தையிடம் ஒப்படைத்தால், பல நேரங்களில் ஓரிரு சுற்றுகளுக்குப் பிறகு அதுவே உள்ளே வந்துவிடும்.

விதியைப் பற்றிச் சண்டை எழுந்தால் ஆட்டத்தை நிறுத்தி, இரு தரப்பும் சொல்வதைக் கேட்டபின், "விதியை எப்படி மாற்றலாம்?" என்று குழுவிடமே கேளுங்கள். கோலி விளையாடும் சிறுவர்களை ஆராய்ந்த உளவியலாளர் ழான் பியாஜே, சிறியவர்கள் விதியை மாற்றவே முடியாதது என்று நம்புவதையும், வளர்ந்தவர்கள் அதை அனைவரும் ஒப்புக்கொண்டு மாற்றக்கூடிய உடன்பாடாகக் காண்பதையும் கவனித்தார். அந்த வளர்ச்சிக்கு இத்தகைய சண்டைகள் நல்ல வாய்ப்பு.

முதல் நாள் அரை மணி நேரத்திற்குள் முடித்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் களைத்துச் சிணுங்கும்வரை நீட்டிக்க வேண்டாம். அடுத்த முறை புதிய ஆட்டத்தைத் தேடாமல், அவர்கள் மாற்றியமைத்த விதியுடன் அதே ஆட்டத்திலிருந்து தொடங்குங்கள்.