ஜவ்வு அறுவை சிகிச்சைக்குப் பிறகு பயிற்சி ஆய்வில் சேர்கிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிர்த்துவிடுங்கள்

பயிற்சி நோட்டை வாங்கிப் பார்த்ததுமே தெரிந்துவிடும். ஆறு வாரக் கட்டங்கள் அத்தனையிலும் ஒரே நீல மை, ஒரே சாய்வில் டிக். என்னிடம் வருவதற்கு முந்தைய நாள் ராத்திரி உட்கார்ந்து மொத்தமாகப் போட்டது. முழங்கால் எலும்புகளைப் பிணைக்கும் ஏ.சி.எல். ஜவ்வை மாற்றியமைத்த பிறகு எந்தப் பயிற்சி யாருக்குப் பலன் தரும் என்று பார்க்கும் ஆய்வுகளில் அளவெடுப்பது என் வேலை. இந்த நோட்டைத்தான் எல்லாவற்றையும்விட அதிகம் கவனிப்பேன்.

மாத்திரை ஆய்வு என்றால் மிச்சத்தை எண்ணிப் பார்க்கலாம். வீட்டில் காலை நீட்டி மடக்கியதை யார் எண்ணுவது? பாதிப் பயிற்சியைச் செய்துவிட்டு முழுதும் செய்ததாக எழுதினால், "எல்லாரும் ஒழுங்காகச் செய்தார்கள், பலன் இல்லை" என்று ஒரு நல்ல பயிற்சியே ஒதுக்கப்பட்டுவிடலாம். "மூட்டு வீங்கியது, மூன்று நாள் செய்யவில்லை" என்று எழுதுங்கள். யாரும் திட்டமாட்டார்கள். கொடுத்த பளு அதிகம் என்று எங்களுக்குச் சொல்வதே அந்த வரிதான்.

அடுத்தது, யாருக்கு எந்தப் பயிற்சி என்று குலுக்கிப் பிரிக்கும்போது ஒப்பீட்டுக் குழுவில் விழுந்தால் "நமக்கு வைத்தியமே இல்லை" என்று மனம் உடைந்துபோவது. இந்த ஆய்வுகளில் பெரும்பாலும் இரண்டு குழுவுக்கும் வழக்கமான பிசியோதெரபி உண்டு. ஒரு குழுவுக்குக் கூடுதலாகத் தொடைத் தசைக்கு மின்தூண்டலோ, ரத்த ஓட்டத்தைக் குறைக்கும் பட்டையோ இருக்கும். கையெழுத்துப் போடுவதற்கு முன்பே, "அந்தப் பக்கம் விழுந்தால் எனக்கு என்ன கிடைக்கும்?" என்று கேட்டுவிடுங்கள். அது பிடிக்கவில்லையென்றால் சேராமல் இருப்பது உங்கள் உரிமை. சேர்ந்துவிட்டு, வீடியோவைப் பார்த்து வீட்டில் ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டிக்கொள்வதுதான் ஆபத்து. ஆய்வில் அந்த அழுத்தத்தை ஒவ்வொருவரின் தொடைக்கும் தனித்தனியாக அளந்து வைக்கிறார்கள். காலுக்கும் கெடுதல், குழுக்களுக்கு இடையிலான வித்தியாசமும் கரைந்துபோகும்.

வலி போய்விட்டது என்று ஒற்றைக்கால் தாவல் சோதனையை முன்கூட்டியே வீட்டில் பழகிப் பார்க்கிறவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். கிழிந்த ஜவ்வுக்குப் பதிலாக உங்கள் உடம்பிலிருந்தே எடுத்து வைத்த தசைநாண் முதல் சில வாரங்களில் உள்ளே செல்களை இழந்து, புது ரத்தநாளங்கள் ஊடுருவி, மெல்ல மெல்லத்தான் ஜவ்வாக மாறுகிறது. அந்த இடைக்காலத்தில், வைத்த அன்று இருந்த பலம்கூட அதற்கு இருக்காது. முழுதாகத் தேற ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். வலி குறைவதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

அளவெடுக்கும் அறையில் நடக்கும் ஒரு தவறு, பாசத்தில் வருவது. இரண்டு முழங்காலிலும் நீளமான உறையை மாட்டி, தழும்பு தெரியாமல் மறைத்துத்தான் உங்களை என்னிடம் அனுப்புவார்கள். வந்தவர்கள் உட்கார்ந்ததும், "அந்தக் கரண்ட் மெஷின் வைத்ததிலிருந்து ரொம்பத் தெம்பா இருக்குங்க" என்பார்கள். பயிற்சி ஆய்வில் பயிற்சி செய்பவருக்கும் தெரியும், கொடுப்பவருக்கும் தெரியும். தெரியாமல் வைத்திருக்க முடிவது அளவெடுப்பவருக்கு மட்டும்தான். அந்த ஒரு வார்த்தையில் அதுவும் போய்விடும். நன்றியைப் பயிற்சி கொடுத்தவரிடம் சொல்லுங்கள்.

பாதியில் காணாமல் போவதுதான் என்னை அதிகம் வருத்துவது. நன்றாகத் தேறியவர் விளையாடப் போய்விடுகிறார். தேறாதவர் மனம் கசந்து வராமல் இருந்துவிடுகிறார். மிஞ்சியவர்களை மட்டும் வைத்து எடுக்கும் முடிவு யாருக்குப் பொருந்தும்? மீண்டும் கிழிவது பெரும்பாலும் மைதானத்துக்குத் திரும்பிய பிறகுதான். அதனால் இரண்டாம் வருட அளவீடு விலைமதிப்பில்லாதது. காரணம் சொல்லாமலே ஆய்விலிருந்து எப்போது வேண்டுமானாலும் விலகலாம், அதில் மாற்றமில்லை. ஆனால் பயிற்சியை நிறுத்தினாலும் அளவெடுக்க மட்டும் வரலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஒரு போன் போட்டுக் கேளுங்கள்.

முடிவுகளைப் படிப்பதிலும் தவறு நடக்கிறது. ஸ்வீடனில் ஏ.சி.எல். கிழிந்த 121 இளைஞர்களை வைத்து நடந்த கேனான் ஆய்வின் முடிவு 2010-ல் வெளியானது. உடனே அறுவை சிகிச்சை செய்தவர்களுக்கும், பயிற்சியில் தொடங்கித் தேவைப்பட்டால் பிறகு செய்துகொண்டவர்களுக்கும் இரண்டு வருடத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. உடனே, "ஆபரேஷனே வேண்டாம்" என்று பரப்பிவிட்டார்கள். பயிற்சியில் தொடங்கிய 59 பேரில் 23 பேர் அதற்குள் அறுவை சிகிச்சைக்குப் போயிருந்தார்கள், ஐந்து வருடத்தில் அது 30 ஆனது. அதை யாரும் சொல்வதில்லை. அதேபோல், அறுவை சிகிச்சைக்குப் பிறகு விளையாட்டுக்குத் திரும்புவதை ஒன்பது மாதம் வரை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் மறுகாயம் சுமார் பாதியாகக் குறைகிறது என்ற 2016-ன் டெலவேர்–ஓஸ்லோ (அமெரிக்கா–நார்வே) ஆய்வின் முடிவு, குலுக்கிப் பிரித்துப் பார்த்ததல்ல. 106 பேரைப் பின்தொடர்ந்து பார்த்தது. நானும் என்னிடம் வருபவர்களை ஒன்பது மாதம் காத்திருக்கத்தான் சொல்கிறேன். ஆனால் காத்திருந்தவர்கள் இயல்பிலேயே நிதானமானவர்களாகவும் இருந்திருக்கலாம் என்பதை மறக்காமல் சொல்கிறேன்.

"நல்ல காலோடு ஒப்பிட்டால் 90 சதவீதம் பலம்" என்று தாளில் பார்த்ததும் குதிக்காதீர்கள். இத்தனை மாதம் ஓடாமல் இருந்ததில் நல்ல காலும் இளைத்திருக்கும். அறுவை சிகிச்சைக்கு முன்பே உங்கள் நல்ல காலை அளந்திருந்தால், அந்தத் தாளின் நகலைக் கேட்டு வாங்கி, இன்றைய எண்ணை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.