சட்டித் தயிர் பக்டீரியாவின் பல்சக்கரைட்டு: கட்டமைப்பு ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்புக் கடைகளில் வாங்கும் சட்டித் தயிரிலிருந்து லக்டிக் அமில பக்டீரியாவைப் பிரித்தெடுத்து, அது சுரக்கும் பல்சக்கரைட்டின் (பல வெல்ல அலகுகள் கோத்த நீண்ட சங்கிலியின்) கட்டமைப்பை ஆராய வரும் மாணவர்கள் முதலில் கேட்பது என்எம்ஆர் என்ற அணுக்கருக் காந்தப் பரிவு நிறமாலை பற்றித்தான். ஆனால் காரியம் கெடுவது அதற்கு வெகு முன்பே, வளர்ப்பூடகத்தில்.

லக்டிக் அமில பக்டீரியாவை வளர்க்கும் எம்ஆர்எஸ் ஊடகத்தில் மதுவச் (ஈஸ்ட்) சாறு சேர்ந்திருக்கிறது. மதுவத்தின் கலச்சுவரில் மனான் என்ற பல்சக்கரைட்டு உண்டு. குளிர்ந்த எதனோலை ஊற்றினால் பக்டீரியாவின் சரக்கோடு அதுவும் வீழ்படியும், சிறு மூலக்கூறுகளை மட்டும் வெளியே விடும் டயாலிசிஸ் பையிலும் தங்கிவிடும். பிறகு அமிலத்தால் தனி வெல்லங்களாக உடைக்கும் நீர்ப்பகுப்பில், மனானின் வெல்லமான மனோசு வந்ததும் "மனோசு நிறைந்த புதிய பல்சக்கரைட்டு" என்று எழுதிவிடுகிறார்கள். பீனோல்-சல்பூரிக் அமிலச் சோதனையும் கைகொடுக்காது; எங்கிருந்து வந்த வெல்லமானாலும் அது நிறம் காட்டும். பக்டீரியா இடாத வெறும் ஊடகத்தையும் அதே படிகளில் நடத்திப் பாருங்கள். அதிலும் வெண்மையாக வீழ்படிந்தால் ஊடகத்தை மாற்றத்தான் வேண்டும்.

பிரித்து உலர்த்திய பல்சக்கரைட்டுத் தூளைத் திறந்து வைக்காதீர்கள். கொழும்பின் ஈரக்காற்றில் அது நீரை இழுத்துக்கொள்ளும், நிறை பிழைக்கும்.

சுக்குரோசில் வளர்த்த லூக்கோநொஸ்டொக் என்ற லக்டிக் அமில பக்டீரியா, குளுக்கோசாலான டெக்ஸ்ட்ரானோடு பிரக்டோசாலான லெவானும் தரக்கூடும். லெவானின் பிரக்டோசு, 120 பாகை செல்சியசில் வலுவான அமிலத்தில் சிதைந்துபோகும். அதற்கு மென்மையான நீர்ப்பகுப்பைத் தனியாகச் செய்யுங்கள். அகச்சிவப்பு நிறமாலையை மட்டும் வைத்து வெல்லங்களுக்கு இடையிலான பிணைப்பைத் தீர்மானிப்பது எனக்கு ஒருபோதும் உடன்பாடில்லை.

இனி என்எம்ஆர். 25 பாகையில், கரைப்பானாகும் கனநீரில் எஞ்சிய நீரின் உச்சம் 4.8 பிபிஎம் (உச்சங்களின் இடத்தைக் குறிக்கும் அலகு) அளவில் நிற்கும். ஒவ்வொரு வெல்லத்தின் முதலாம் காபனிலும் உள்ள அனோமெரிக் புரோத்தன்கள் வருவதும் 4.4 முதல் 5.5 வரைதான். அந்த உச்சத்தின் அடியில் ஒன்று மறைந்தாலே, சங்கிலியில் திரும்பத் திரும்ப வரும் மீள் அலகில் ஒரு வெல்லம் குறைந்துவிடும். 70 பாகைக்குச் சூடாக்கினால் நீரின் உச்சம் 4.3 பக்கம் விலகும், கரைசலின் பிசுபிசுப்புக் குறைந்து மற்ற உச்சங்களும் கூர்மையாகும். ஒரு வெல்லம் அல்பா, பீட்டா என்ற இரு வடிவங்களில் எது என்பதை அனோமெரிக் உச்சத்தின் பிளவைக் காட்டும் பிணைப்பு மாறிலி சொல்லும்: குளுக்கோசு, கலக்டோசு என்றால் 3-4 ஹேர்ட்ஸ் அல்பா, 7-8 பீட்டா. மனோசுக்கு இந்தக் கணக்கு செல்லாது; காபன்-ஐதரசன் மாறிலியைப் பார்க்க வேண்டும்: அல்பாவுக்கு 170 அளவில், பீட்டாவுக்கு 160 அளவில்.

வெல்லங்கள் எந்த இடங்களில் இணைந்துள்ளன என்று அறிய, இணையாத ஐதரொட்சைல் கூட்டங்களில் மெதைல் ஏற்றுவது மெதைலேற்றம். அது அரைகுறையாக நின்றால் இல்லாத கிளைகள் தோன்றும். கிளைப் புள்ளிகளும் முனை அலகுகளும் ஏறத்தாழச் சமமாக வருகின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். வராவிட்டால் மறுபடி மெதைலேற்றுங்கள். பல்சக்கரைட்டில் ஒட்டியிருக்கும் அசற்றைல் கூட்டங்கள் மெதைலேற்றத்துக்கு இடும் காரத்தில் கழன்றுவிடும் என்பதால், என்எம்ஆரில் 2.1 பிபிஎம் அருகே உச்சம் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.