வீட்டு வைஃபையைத் தோப்புக் கொட்டகை வரை கொண்டுபோவது எப்படி?

எங்கள் தோப்பின் மோட்டார் கொட்டகை வீட்டிலிருந்து சுமார் 600 மீட்டர். அங்கே கேமரா வைக்க இணையம் தேவைப்பட்டது. கடையில் கேட்டால் ரிப்பீட்டரைத்தான் எடுத்து நீட்டுவார்கள். வாங்காதீர்கள், அறைக்கு அறை உதவுமே தவிர, வயலைத் தாண்டாது. ஈதர்நெட் கேபிளுக்கோ 100 மீட்டர்தான் வரம்பு. வேண்டியது இரண்டு வெளிப்புற சிபிஇ கருவிகள்: வைஃபை அலையை ஒரே திசையில் குவித்துத் தொலைவுக்கு அனுப்பி வாங்கும் பெட்டிகள். நான் பரிந்துரைப்பது டிபி-லிங்க் சிபிஇ510: 5 கிகாஹெர்ட்ஸ், 13 டிபிஐ (அலையைக் குவிக்கும் திறனின் அளவு) ஆன்டெனா. இந்தத் தூரத்துக்கு அதுவே தாராளம்.

1. இரண்டையும் மேசையில் வைத்தே அமைத்துவிடுங்கள். வீட்டு ரவுட்டரோடு சேரும் கருவி ஆக்சஸ் பாயிண்ட் (இணைப்பைத் தருவது), கொட்டகைக் கருவி கிளையண்ட் (அதை வாங்குவது). நாடு இந்தியா, சேனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ், கடவுச்சொல் பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ2. அகலத்தைக் கூட்டினால் வேகம் கூடும்; ஆனால் பிற அலைகளின் இரைச்சலும் சேர்ந்து நுழையும். கேமராவுக்கு 20 போதும்.

2. பாதையைப் பாருங்கள். மொட்டைமாடியிலிருந்து கொட்டகைக் கூரை கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. அலை நூல் பிடித்தாற்போல் போவதில்லை. வெள்ளரிக்காய்போல நடுவில் பருத்துச் செல்கிறது. இதுதான் பிரெனல் மண்டலம். 600 மீட்டருக்கு நடுவழியில் அதன் ஆரம் ஏறக்குறைய 2.8 மீட்டர். அதில் 60 விழுக்காடாவது திறந்திருக்க வேண்டும். அதாவது பார்வைக் கோட்டைச் சுற்றி எந்தப் பக்கமும் 1.7 மீட்டருக்குள் மட்டை நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. தென்னந்தோப்பில் இதை மறந்தால், காற்றடிக்கும்போதெல்லாம் இணைப்பு ஆடும். மழை தானே பெரிய தடையில்லை. நனைந்த ஓலைதான் சிக்னலை விழுங்கும். மரத்தை வெட்டாதீர்கள், கருவியை மாட்டும் குழாய்க் கம்பத்தை உயர்த்துங்கள்.

3. கேபிள் வெளிப்புறத்துக்கானதாக, முழுச் செம்பாக இருக்கட்டும். கருவிக்கு மின்சாரமும் இதே கேபிளில்தான் போகிறது; செம்பு பூசிய அலுமினியத்தில் மின்னழுத்தம் வழியிலேயே குறையும். கம்பத்துக்கு எர்த் கட்டாயம்.

4. இனி திசை பிடிப்பது. அவசரம் ஆகாது. ஒருவர் வீட்டில், ஒருவர் கொட்டகையில், இருவர் கையிலும் போன். கிளாம்பைப் பாதி இறுக்கி, ஒரு முனையை மட்டும் விரலளவு திருப்பி, கருவியின் அமைப்புப் பக்கத்தில் தெரியும் சிக்னல் எண் நிலைக்கும்வரை நில்லுங்கள். எண் சுழியத்தை நெருங்க நெருங்க நல்லது: −75ஐ விட −55 டிபிஎம் (சிக்னல் வலிமையின் அளவு) மேல். உச்சம் கிடைத்ததும் நிறுத்தாமல் அதைத் தாண்டித் திருப்பிப் பாருங்கள். ஆன்டெனாவின் முதன்மைக் கதிருக்குப் பக்கத்தில் கசியும் பக்கவாட்டுக் கதிரிலும் ஒரு பொய் உச்சம் உண்டு. கணக்குப்படி இங்கே −55க்குப் பக்கத்தில் வரவேண்டும். −70லேயே நின்றால், ஒன்று பொய் உச்சம், அல்லது இடையில் ஓலை.

5. கொட்டகையில் சாதாரண ரவுட்டர் ஒன்றை மாட்டி, அதன் டிஎச்சிபியை (முகவரி பகிரும் வசதியை) அணைத்து, கொட்டகைக் கருவியின் கேபிளை லேன் (LAN) துளையில் செருகுங்கள். வேன் (WAN) துளையில் அல்ல.

பிற்சேர்க்கை: கருத்துப் பகுதியில் பலர், "இரண்டு கருவியும் இணைந்துவிட்டன, ஆனால் ஒன்றின் அமைப்புப் பக்கம்தான் திறக்கிறது" என்று எழுதியிருந்தார்கள். இரண்டுமே பெட்டியிலிருந்து 192.168.0.254 என்ற ஒரே முகவரியோடு வருகின்றன. மேசையில் இருக்கும்போதே ஒன்றை 192.168.0.253 என மாற்றுங்கள். வீட்டு ரவுட்டர் 192.168.1.1 என்றால் இரண்டையும் அந்த வரிசைக்கே (192.168.1.253, 192.168.1.254 என) கொண்டுவந்துவிடுங்கள்.