பிரிட்ஜ் முறையில் உள்ள மோடத்தின் அமைப்புப் பக்கத்தை ரௌட்டர் வழியாகத் திறப்பது எப்படி?

ஃபைபர் இணைப்புடன் வந்த மோடத்தை பிரிட்ஜ் முறைக்கு (சிக்னலை மட்டும் கடத்தி, இணைய இணைப்பை ரௌட்டரிடம் விட்டுவிடும் முறை) மாற்றி, பிபிபிஓஇ (நிறுவனத்தின் வலையமைப்பில் பயனர்பெயர் கொடுத்து நுழையும் முறை) பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் சொந்த ரௌட்டரில் இட்டு இணையத்தை ஓடவிட்ட பிறகு, மோடத்தின் பக்கம் திறப்பதில்லை என்பதைப் பெரும்பாலானோர் லைன் தகராறு செய்யும் நாளில்தான் கவனிக்கிறார்கள். அன்றைக்கு முதலில் பார்க்க வேண்டிய எண், இழை வழியே வந்து சேரும் ஒளியின் அளவு. அது மோடத்தின் பக்கத்தில் மட்டுமே இருக்கிறது.

மோடம் வழக்கம்போல 192.168.1.1 என்ற தன் முகவரியில் விழித்துக்கொண்டுதான் இருக்கிறது. அதற்குப் போகும் வழிதான் ரௌட்டருக்குத் தெரியாது. பிபிபிஓஇ இணைப்பில் இணையச் சேவை நிறுவனம் தரும் ஐபி முகவரி, வான் போர்ட்டின் (ரௌட்டரில் மோடத்தின் கேபிளைச் செருகும் WAN போர்ட்) மேல் உருவாகும் மெய்நிகர் இணைப்புக்குச் சேருமே தவிர, வான் போர்ட்டுக்கென்று முகவரி எதுவும் இருக்காது. ஆகவே மோடத்துக்கான பாக்கெட்டையும் ரௌட்டர் இணையத்துக்குப் போவதாகவே கருதி அந்த இணைப்பில் தள்ளிவிடுகிறது. 1996இல் வெளியான ஆர்எஃப்சி 1918 என்ற இணைய விதி ஆவணம் தனிப்பயனுக்கென ஒதுக்கிய முகவரி அது என்பதால், நிறுவனத்தின் வலையமைப்பில் அது வீணாகிறது. கணினியில் அந்த முகவரிக்கு ட்ரேஸ்ரூட் (பாக்கெட் போகும் வழியை வரிவரியாகக் காட்டும் கட்டளை) ஓட்டினால், ரௌட்டருக்கு அடுத்த வரியில் நிறுவனத்தின் கேட்வே (வெளியே போகும் வாயிலாக உள்ள கருவி) தென்படுவது இதற்கு நல்ல சான்று.

முதலில் ரௌட்டரின் லேன் (வீட்டுப் பக்க வலையமைப்பு) முகவரியைப் பாருங்கள். அதுவும் 192.168.1.1 என்றே இருந்தால், கோரிக்கை ரௌட்டரைத் தாண்டவே தாண்டாது. திறப்பது ரௌட்டரின் பக்கமாகவே இருக்கும். லேன் முகவரியை 192.168.50.1 போல வேறு வரிசைக்கு மாற்றிவிடுங்கள். கைபேசிகளும் மடிக்கணினிகளும் மறுபடி இணைந்ததும் புது முகவரி பெற்றுவிடும். பிரிண்டர், கண்காணிப்புக் கேமரா போன்றவற்றில் கையால் முகவரி இட்டிருந்தால் அவற்றை ஒவ்வொன்றாகத் திருத்தியாக வேண்டும். அலுப்பான வேலைதான், ஆனால் இதைத் தவிர்க்க முயல்வது மேலும் சிக்கலில் கொண்டுபோய் விடும்.

அடுத்து, வான் கேபிளைக் கழற்றி மடிக்கணினியில் செருகி, அதற்கு 192.168.1.10 என்று கையால் முகவரி கொடுத்து, மோடத்தின் பக்கம் திறக்கிறதா என்று சோதித்துவிடுங்கள். நேரடியாகவே திறக்காத பக்கம் ரௌட்டர் வழியாகவும் திறக்காது. சில மோடங்களில் பிரிட்ஜுக்கு ஒதுக்கிய போர்ட்டில் அமைப்புப் பக்கம் கிடைக்காது, வேறொரு போர்ட்டில் கிடைக்கும்.

ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற திறந்தமூல மென்பொருள் ஓடும் ரௌட்டரில் நெட்வொர்க் மெனுவின் இன்டர்ஃபேசஸ் பக்கத்தில் புதிய இன்டர்ஃபேஸ் ஒன்றைச் சேர்த்து, மோடம் என்று பெயரிட்டு, புரோட்டோகாலாக ஸ்டாடிக் அட்ரஸைத் தேர்ந்தெடுங்கள். டிவைஸ் பட்டியலில் பிபிபிஓஇ என்று தொடங்கும் பெயரைத் தொடாமல், அதற்கு அடியில் உள்ள வான் போர்ட்டையே தேர்ந்தெடுக்க வேண்டும். இங்கே பிசகினால் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை. முகவரி 192.168.1.2, நெட்மாஸ்க் 255.255.255.0, கேட்வே காலி. கேட்வேயில் மோடத்தின் முகவரியை எழுதிவிட்டால் இணையப் போக்குவரத்தே அந்தப் பக்கம் திரும்பி நின்றுவிடக்கூடும். ஃபயர்வால் தாவலில் வான் மண்டலத்தில் சேர்த்துச் சேமியுங்கள்.

வான் மண்டலத்தில் சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. 192.168.50.20 போன்ற முகவரி கொண்ட வீட்டுக் கணினியிலிருந்து வரும் கோரிக்கைக்குப் பதிலை எங்கே அனுப்புவது என்று மோடத்துக்குத் தெரியாது. அந்த மண்டலத்தில் இயல்பாகவே இயங்கும் மாஸ்கரேடிங், அனுப்பியவர் முகவரியை 192.168.1.2 என்று மாற்றிவிடுவதால், பக்கத்திலிருந்தே கேட்டதாக எண்ணி மோடம் பதில் தருகிறது.

டிபி லிங்க் ரௌட்டர்கள் பலவற்றில் பிபிபிஓஇ பக்கத்திலேயே செகண்டரி கனெக்‌ஷன் என்றொரு தேர்வு இருக்கும். அதில் ஸ்டாடிக் ஐபியைத் தேர்ந்து இதே எண்களை இட்டால் போதும். மைக்ரோடிக் ரௌட்டரில் மோடம் செருகிய போர்ட்டுக்கு 192.168.1.2/24 சேர்த்து, மாஸ்கரேட் விதி அந்த போர்ட்டையும் உள்ளடக்குகிறதா என்று பார்க்க வேண்டும். கேபிள் மோடமாக இருந்தால் 192.168.100.1 என்ற முகவரியைத் தட்டிப் பாருங்கள். அங்கே பிபிபிஓஇ இல்லாதபோது பெரும்பாலும் எந்த மாற்றமும் இன்றியே பக்கம் திறந்துவிடும்.

இன்னும் திறக்கவில்லையென்றால், ரௌட்டரிலிருந்தே மோடத்துக்கு பிங் அனுப்புங்கள். ரௌட்டருக்குப் பதில் வந்து கணினிக்கு வராவிட்டால் தவறு ஃபயர்வாலில் இருக்கிறது, அல்லது கணினியில் ஓடும் விபிஎன் குறுக்கே நிற்கிறது. ரௌட்டருக்கே பதில் இல்லையென்றால் டிவைஸ் தேர்வை மீண்டும் பாருங்கள்: நிறுவனம் சொன்ன விலான் எண்ணை (ஒரே கேபிளில் போக்குவரத்தைப் பிரித்துக் காட்டும் எண்) ரௌட்டரில் நீங்களே இட்டிருந்தால், மோடத்தின் பக்கம் பெரும்பாலும் அந்த எண் ஒட்டாத வெறும் போர்ட்டில்தான் கிடைக்கும். வேறு வழியில்லை என்று மோடத்தின் இரண்டாம் போர்ட்டிலிருந்து ரௌட்டரின் லேன் போர்ட்டுக்குக் கேபிள் இழுத்துவிடாதீர்கள். மோடத்தின் டிஎச்சிபி உயிரோடு இருந்தால் வீட்டுக் கருவிகளுக்கு அதுவும் முகவரி வழங்கத் தொடங்கி, சில கருவிகளுக்கு மட்டும் இணையம் கிடைக்காமல் போகும்.

பக்கம் திறந்ததும் ஆர்எக்ஸ் பவர் (வந்து சேரும் ஒளியின் அளவு) என்ற வரியைப் பாருங்கள். வழக்கமான பி பிளஸ் வகை ஜிபான் (ஃபைபர்) மோடத்துக்கு மைனஸ் 8 முதல் மைனஸ் 27 டிபிஎம் (ஒளியின் அளவைச் சொல்லும் அலகு) வரை ஏற்கத்தக்கது. மைனஸ் 27ஐ ஒட்டியோ தாண்டியோ இருந்தால் இழை மடிந்திருக்கலாம், கனெக்டரில் அழுக்கு படிந்திருக்கலாம், புகார் செய்யும்போது அந்த எண்ணையே சொல்லுங்கள். வீட்டில் உள்ள எந்தக் கருவியிலிருந்தும் இனி இந்தப் பக்கம் திறக்கும் என்பதால், மோடத்துடன் வந்த கடவுச்சொல்லை அன்றே மாற்றிவிடுங்கள்.