டீசல் குறைந்ததும் நின்றுபோகும் லாரி: கோளாறைத் தேடும் முறை

டேங்கில் கால் பங்கு டீசல் இருப்பதாக முள் காட்டும்போதே மேட்டில் திணறி நின்றுபோகும் லாரி, அரை டேங்க் நிரப்பியதும் எந்தக் குறையும் இல்லாமல் ஓடும். நிரப்பினால் ஓடுகிறதே என்று பலர் டேங்கை எப்போதும் பாதிக்கு மேல் வைத்துக்கொண்டு காலம் கடத்துகிறார்கள். வேறு சிலர் பட்டறைக்குள் நுழைந்ததும் ஃபீட் பம்பையோ, அதைவிடச் செலவு மிகுந்த இன்ஜெக்ஷன் பம்பையோ கழற்றச் சொல்கிறார்கள். டீசல் அளவைப் பொறுத்து வந்து போகும் கோளாறு பெரும்பாலும் டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் இடையிலேதான் இருக்கும். ஆகவே அந்தப் பகுதியை முழுமையாகச் சோதித்து முடிக்கும் வரை பம்பில் கை வைக்காமல் இருப்பது நல்லது.

இதற்கான காரணம் டீசல் செல்லும் பாதையிலேயே இருக்கிறது. டேங்கின் மேற்புறத்தில் பொருத்தப்பட்ட சக்ஷன் பைப் அடிப்பகுதி வரை இறங்கி, முனையில் ஒரு சல்லடையைக் கொண்டிருக்கும். அதன் வழியே ஏறும் டீசல் சேஸிஸ் ஓரமாகச் செல்லும் குழாயில் ஓடி, நீர் பிரிப்பானைக் கடந்து, ஃபீட் பம்பை அடைகிறது. அதுவரை டீசல் உறிஞ்சப்படுகிறது. அதன்பின் ஃபில்டர்கள் வழியாக இன்ஜெக்ஷன் பம்புக்குத் தள்ளப்படுகிறது. தள்ளும் பகுதியில் ஓட்டை விழுந்தால் டீசல் வெளியே சொட்டுவதால் கண்டுபிடிப்பது எளிது. உறிஞ்சும் பகுதியில் ஓட்டை விழுந்தாலோ, எஞ்சின் ஓடும்போது ஒரு சொட்டும் வெளியே வராமல் காற்று உள்ளே நுழைந்துவிடும்.

டேங்க் நிறைந்திருக்கையில் டீசல் மட்டம் ஏறத்தாழ ஃபீட் பம்பின் உயரத்திலேயே இருப்பதால் பம்பு அதிகம் இழுக்க வேண்டியதில்லை. மட்டம் இறங்க இறங்க, அந்த உயரம் முழுவதும் டீசலைத் தூக்கும் வேலை பம்பின் மேல் விழுகிறது. 60 செ.மீ. தூக்குவதற்கு வேண்டிய இழுவிசை வளிமண்டல அழுத்தத்தில் சுமார் 20இல் ஒரு பங்குதான் என்றாலும், தளர்ந்த கிளிப் வழியாகவோ தேய்ந்த வாஷர் வழியாகவோ காற்றை உள்ளே கொண்டுவர அது போதும். டீசல் எஞ்சின் காற்றுக் குமிழைப் பொறுத்துக்கொள்ளாது. பம்பின் அழுத்தத்தில் குமிழ் சுருங்கிவிடுவதால் சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் இன்ஜெக்டரைத் திறக்க வேண்டிய அழுத்தம் உருவாகாது. ஒவ்வொரு சிலிண்டராக வேலை செய்யத் தவறி, முடிவில் எஞ்சின் நின்றுவிடும்.

வண்டி சாலையில் நின்றுவிட்டால் முதலில் வண்டியின் பாதுகாப்பைக் கவனிக்க வேண்டும். எஞ்சின் நின்றதும் பவர் ஸ்டீயரிங் இறுகிவிடும். ஏர் கம்ப்ரசரும் நின்றுவிடுவதால், மீண்டும் மீண்டும் பிரேக்கை மிதித்தால் தொட்டியிலுள்ள காற்று தீர்ந்துகொண்டே போகும். ஆகவே எஞ்சின் திணறத் தொடங்கும்போதே ஓரம் கட்டி, பார்க்கிங் பிரேக்கைப் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின்னால் போதிய தூரத்தில் எச்சரிக்கை முக்கோணத்தை வைத்த பிறகே கீழே குனிந்து பார்க்க வேண்டும்.

அடுத்து, டேங்கில் உண்மையில் எவ்வளவு டீசல் இருக்கிறது என்பதைக் குச்சியை விட்டு அளக்க வேண்டும். டேங்கினுள் இருக்கும் மிதவையின் கை வளைந்திருந்தாலோ அதன் மின்தடைப் பட்டை தேய்ந்திருந்தாலோ, டேஷ்போர்டு முள் கால் டேங்கைக் காட்டும்போது டேங்க் ஏறக்குறைய காலியாகவே இருக்கக்கூடும். 100 செ.மீ. நீளம், 50 செ.மீ. அகலம், 60 செ.மீ. உயரம் கொண்ட டேங்கில் 300 லிட்டர் பிடிக்கும். அதில் ஒவ்வொரு செ.மீ. மட்டமும் 5 லிட்டர் ஆகும். அடியில் சேரும் மண்டியும் தண்ணீரும் மேலே ஏறாதிருக்கவே சக்ஷன் பைப் தரையைத் தொடாமல் சற்று மேலே நிறுத்தப்படுகிறது. அந்த இடைவெளி 4 செ.மீ. என்றால் 20 லிட்டர் எப்போதும் எடுக்க முடியாமலே கிடக்கும்.

இப்படி அளந்து, வண்டி நிற்கும் ஒவ்வொரு முறையும் மட்டத்தைக் குறித்துவைப்பதே இந்தத் தேடலில் மிகவும் பயன் தரும் வேலை என்று நான் கருதுகிறேன். ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே உயரத்தில் நின்றால், டேங்குக்குள் இருக்கும் சக்ஷன் பைப்பில் அந்த உயரத்தில் விரிசலோ துருவால் விழுந்த ஓட்டையோ இருக்கிறது என்று பெரும்பாலும் முடிவு செய்யலாம். இளநீரில் போட்ட உறிஞ்சுகுழல் நடுவில் கிழிந்திருந்தால், கிழிசலுக்குக் கீழே இளநீர் இறங்கியதும் வெறும் காற்றுதான் வாய்க்கு வரும். இங்கேயும் அதேதான் நடக்கிறது. மேற்சொன்ன டேங்கில் பைப் 15 செ.மீ. உயரத்தில் விரிசல் விட்டிருந்தால் 75 லிட்டர் மிச்சமிருக்கும்போதே, அதாவது சரியாகக் கால் டேங்கில், வண்டி நிற்கும். மாறாக, மட்டம் இறங்க இறங்கத் திணறல் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடினால், டேங்குக்கு வெளியே உள்ள குழாயின் இணைப்புகளைச் சந்தேகிக்க வேண்டும். சமதளத்தில் நன்றாக ஓடி மேட்டிலும் வளைவிலும் மட்டும் நின்றால் டீசல் ஒரு பக்கமாக ஒதுங்குகிறது என்று பொருள். 100க்கு 6 என்ற ஏற்றத்தில் மேற்சொன்ன டேங்கின் முன்முனையில் மட்டம் 3 செ.மீ. இறங்கிவிடும். சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் ஏறும் சாலையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் டீசல் பக்கவாட்டிலும் அலைவதால், உள்ளே இருக்கும் தடுப்புத் தகடுகளின் வெல்டிங் விட்டுப்போயிருந்தால் சக்ஷன் பைப்பின் முனை அடிக்கடி வெளியே தெரியும்.

எஞ்சின் நின்ற விதத்தையும் ஓட்டுநரிடம் கேட்டறிய வேண்டும். சுவிட்சை அணைத்தாற்போல் சட்டென்று நின்றால் ஸ்டாப் சாலினாய்டு (எஞ்சினை நிறுத்த டீசலை அடைக்கும் மின்வால்வு), ஒயரிங் போன்ற மின் பகுதிகளைப் பார்க்க வேண்டும். அதற்கும் டீசல் மட்டத்துக்கும் தொடர்பு இருப்பது அரிது. மிஸ்ஸிங் ஆகி, இழுவை குறைந்து, தடுமாறி நின்றால் டீசல் பற்றாக்குறை அல்லது காற்று. டீசலைக் கையால் இழுத்து ஏற்றுவதற்கான கைப்பம்பை அடித்ததும் ஓடி, சிறிது தூரத்தில் மீண்டும் நின்றால் காற்று ஏறுவது ஏறக்குறைய உறுதி. கைப்பம்பை அடிக்காமலே, பத்து நிமிடம் நிறுத்திவைத்தால் தானாகவே சரியாகி ஓடினால், சல்லடையில் ஒட்டிய மண்டி இழுவிசை நின்றதும் கீழே விழுந்து வழிவிடுகிறது என்று கொள்ளலாம். டேங்க் நிறைந்திருக்கும் நாட்களில் காலையில் உடனே ஸ்டார்ட் ஆகும் வண்டி, டீசல் குறைந்த நாட்களில் மட்டும் நெடுநேரம் செல்ஃப் அடிக்க வைத்தால், இரவில் காற்று புகுந்து குழாயிலுள்ள டீசல் டேங்குக்கே திரும்பி இறங்கிவிடுகிறது. இதுவும் உறிஞ்சும் பகுதியில் கசிவு இருப்பதற்கான அடையாளம்.

டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைபட்டிருக்கிறதா என்பதை மூடியைத் தளர்த்தியே அறியலாம். காற்று உள்ளே இழுக்கப்படும் ஓசை கேட்டு, அதன்பின் வண்டி நன்றாக ஓடினால் துளையைச் சுத்தம் செய்ய வேண்டும். ஆயினும் துளை அடைப்பு எந்த மட்டத்திலும் தொல்லை தரும். டேங்க் நிறைந்து உள்ளே காற்றிடம் குறைவாக இருக்கும்போது இன்னும் விரைவாகவே தரும். எனவே குறைந்த டீசலில் மட்டும் நிற்கும் வண்டியில் இதை ஒரு நிமிடத்தில் பார்த்துவிட்டு மேலே போகலாம்.

அடுத்துச் செய்ய வேண்டியது கேன் சோதனை. டேங்கிலிருந்து வரும் குழாயை நீர் பிரிப்பானுக்கு முன் கழற்றி, அங்கே ஒரு கண்ணாடி போன்ற டீசல் ஹோஸை மாட்டி, அதன் மறுமுனையைச் சுத்தமான டீசல் கேனுக்குள் விட்டு எஞ்சினை ஓட்ட வேண்டும். கேனை உயரத்தில் வைத்தால் டீசல் தானாக இறங்கி வந்து கோளாறை மறைத்துவிடும் என்பதால், டேங்கின் அடிமட்ட உயரத்திலோ தரையிலோதான் வைக்க வேண்டும். அப்படி வைத்தும் எஞ்சின் நிற்காமல், ஹோஸில் குமிழும் தெரியாமல் ஓடினால் பம்பு நலமாக இருக்கிறது. குற்றம் டேங்கிலோ அதிலிருந்து வரும் குழாயிலோ இருக்கிறது. குமிழ் இல்லாமலே நின்றால் ஃபீட் பம்பின் வால்வுகளில் தூசி சிக்கியிருக்கிறதா, ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஹோஸ் சுத்தமாக இருந்து, ஃபில்டரின் பிளீட் திருகை (காற்றை வெளியேற்றும் திருகு) தளர்த்தும்போது நுரை வந்தால், நீர் பிரிப்பானின் கிண்ண வாஷர், கைப்பம்பின் தண்டு, அங்குள்ள பேஞ்சோ போல்ட்டின் (குழாயை இணைக்கும் துளையுள்ள போல்ட்) செப்பு வாஷர்கள் ஆகியவற்றில் ஒன்று காற்றை விடுகிறது.

குற்றம் குழாயில் என்று தெரிந்தால் இரு முனைகளையும் கழற்றி, ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் கால்பம்பால் இலேசாகக் காற்றேற்றி, சோப்பு நீரைத் தடவிப் பார்க்க வேண்டும். டேங்குடன் சேர்த்துக் கம்ப்ரசர் காற்றை விடும் பழக்கம் சில இடங்களில் உண்டு. டேங்க் உப்பித் தையல் பிரியும் என்பதால் அதைச் செய்யக் கூடாது. சேஸிஸில் குழாய் உரசும் இடங்களையும், ரப்பர் ஹோஸ் மாட்டிய முனைகளையும் கூர்ந்து கவனிக்க வேண்டும். பழைய ரப்பர் ஹோஸ் வெளியே புதிதுபோல் தோன்றினாலும், உள்படலம் பிரிந்து, இழுக்கும்போது வழியை அடைப்பதுண்டு. அழுத்தினால் மெத்தென்று இருக்கும் ஹோஸை மாற்றிவிடுவதே முறை. கசியும் மரையில் டெஃப்லான் டேப்பைச் சுற்றினால் அதன் இழைகள் பிய்ந்து வால்வில் போய் உட்காரும். செப்பு வாஷரை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போட வேண்டும்.

டேங்க்தான் காரணம் என்றால் சக்ஷன் பைப்பை முழுதாக வெளியே எடுத்து, முனையை விரலால் அடைத்துக் காற்றூதி, டீசலில் அமிழ்த்திக் குமிழ் வருகிறதா என்று பார்க்க வேண்டும். விரிசல் விட்ட பைப்பை மாற்றுவது நல்லது. பற்றவைப்பதானால் டேங்குக்கு வெகுதூரத்தில் வைத்து, டீசல் முற்றும் போகக் கழுவிய பிறகே செய்ய வேண்டும். டேங்கின் மேல் நேராக வெல்டிங் வைப்பது உயிருக்கே ஆபத்து, ஏனெனில் காலி டேங்கில் நிற்கும் டீசல் ஆவி தீப்பற்றி வெடிக்கக்கூடியது. பைப் வெளியே இருக்கும்போதே டிரெயின் பிளக்கைத் திறந்து அடியில் தேங்கியதைக் கண்ணாடிப் புட்டியில் பிடித்தால், தண்ணீர் கீழேயும் டீசல் மேலேயும் பிரிந்து நிற்கும். இரண்டுக்கும் நடுவில் கரிய வழவழப்பான படலம் இருந்தால் அது தண்ணீர் தேங்கியதால் வளர்ந்த நுண்ணுயிர். டேங்கை இறக்கிக் கழுவாமல் சல்லடையை மட்டும் சுத்தம் செய்வதால் பயன் இல்லை. சல்லடையே வேண்டாம் என்று கழற்றி எறிவது அந்த மண்டியைப் பம்புக்கே அனுப்பிவைப்பதாகும். மிஞ்சிய டீசலை எஞ்சினிலிருந்து டேங்குக்குத் திருப்பும் ரிட்டர்ன் பைப் டேங்குக்குள் உடைந்து குட்டையாகியிருந்தால் திரும்பும் டீசல் உயரத்திலிருந்து விழுந்து நுரைக்கும் என்பதால் அதையும் உடனே பார்த்துவிடலாம்.

வேலை முடிந்ததும் காற்றை வெளியேற்ற வேண்டும். ஃபில்டர் தலையின் பிளீட் திருகைத் தளர்த்தி, குமிழற்ற டீசல் வரும் வரை கைப்பம்பை அடித்து, டீசல் வழியும்போதே திருகை இறுக்கி, அதே போல் இன்ஜெக்ஷன் பம்பின் திருகிலும் செய்ய வேண்டும். செல்ஃபைத் தொடர்ந்து 15 நொடிக்கு மேல் அடிக்காமல், இடையில் ஒரு நிமிடம் ஓய்வு கொடுக்க வேண்டும். பழைய இன்லைன் பம்பு எஞ்சின்களில் இன்ஜெக்டர் நட்டைத் தளர்த்திக் காற்றெடுக்கும் வழக்கத்தை, எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே உயரழுத்தக் குழாயிலிருந்து டீசல் தரும் காமன் ரெயில் வண்டிகளில் ஒருபோதும் பின்பற்றக் கூடாது. அங்கே அழுத்தம் 1600 பாருக்கும் மேல் செல்லக்கூடும். மெல்லிய பீச்சல்கூடத் தோலைத் துளைத்து உள்ளே புகுந்துவிடும், அதற்கு உடனடி அறுவைச் சிகிச்சையே தேவைப்படும். தவிர, காமன் ரெயில் பம்புக்கு டீசலே மசகு என்பதால், காற்றோடு ஓடவிடுவது பம்பைத் தேய்த்துவிடும். அத்தகைய வண்டி குறைந்த டீசலில் ஒருமுறை நின்றாலும் மீண்டும் ஓட்டிப் பார்க்காமல் காரணத்தைத் தேட வேண்டும்.

சரிசெய்ததை முழு டேங்கில் ஓட்டிப் பார்ப்பதில் பொருள் இல்லை. சரக்கு ஏற்றாமல், மாற்று டீசலைக் கேனில் எடுத்துக்கொண்டு, முன்பு வண்டி நின்ற மட்டத்துக்குக் கீழே டேங்கை இறக்கி, முதலில் சமதளத்திலும் பின்பு ஒரு சிறு மேட்டிலும் ஓட்ட வேண்டும். அந்த மட்டத்திலேயே இரவு முழுவதும் நிறுத்திவைத்து, காலையில் கைப்பம்பைத் தொடாமல் ஸ்டார்ட் ஆகிறதா என்றும் பார்க்க வேண்டும். புதிய ரப்பர் ஹோஸ் சில நாட்களில் சற்று அமுங்கும் என்பதால், ஒரு வாரம் கழித்து எல்லாக் கிளிப்புகளையும் மீண்டும் ஒருமுறை இறுக்கிவிட வேண்டும்.